துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும்

வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. வந்தவர்கள் மறுமாதம் எங்கே தங்கினார்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எந்தப் பதிவேட்டில் ஏறினார்கள் என்று விசாரிக்கும் கதைகள்தான் குறைவு. ஹெச். ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க்கிரகத்தாரை லண்டன் பக்கம் இறக்கியபோது அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. வந்தார்கள், எரித்தார்கள், நம் கிருமிகள் தாக்கிச் செத்தார்கள். பிற்காலத்தில் வந்த நல்ல விருந்தாளிகளின் கதைகளிலும் இதே வசதி உண்டு. சிறுவனோடு சிநேகமாகி, நம்மை அழவைத்து, கடைசி ரீலில் அவர்கள் விண்கலம் ஏறிவிடுகிறார்கள். செத்துப்போனாலும் சரி, கிளம்பிப்போனாலும் சரி, பக்கத்து வீட்டில் குடியேறும் சங்கடம் மட்டும் யாருக்கும் வருவதில்லை.

போகாமல் தங்கிவிட்டவர்களைப் பற்றி யோசித்த படைப்புகளில் இரண்டு என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று 2009இல் வந்த ஒரு தென்னாப்பிரிக்கப் படம். மற்றது அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுதிய சிறுகதை. படத்தில் நாம் வீட்டுக்காரர்கள். கதையில் நாம் குடித்தனக்காரர்கள்.

நீல் புளோம்காம்ப் இயக்கிய 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில், 1982இல் ஒரு பெரிய கப்பல் ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் தலைக்கு மேல் வந்து நின்றுவிடுகிறது. மன்ஹாட்டனிலோ வாஷிங்டனிலோ நிற்காமல் இங்கே வந்து நின்றதே என்று படத்துக்குள்ளேயே வியந்துகொள்கிறார்கள். மூன்று மாதம் கப்பலிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மனிதர்கள் துளைபோட்டு உள்ளே போய்ப் பார்த்தால், படையெடுப்பாளர்களும் இல்லை, ஞானிகளும் இல்லை. பட்டினியில் வாடிய, திக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் இருட்டில் கிடக்கிறது. கீழே இறக்கி முகாம் அமைக்கிறார்கள். முகாமைச் சுற்றி வேலி வருகிறது. கொஞ்ச நாளில் அது சேரியாகிறது. பூனைக்கு விற்கும் டின் இறைச்சி என்றால் அவர்களுக்கு உயிர். அதற்காக எதையும் விற்பார்கள். நகரத்தார் அவர்களை இறால் என்று அழைக்கிறார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து, இவர்களை ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் புதிய முகாமுக்கு மாற்றும் வேலை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

அந்த வேலைக்குத் தலைமை தாங்க வருபவன் விகஸ் வான் டெ மெர்வ. தென்னாப்பிரிக்க வெள்ளையர்களின் நகைச்சுவைத் துணுக்குகளில் அசட்டு ஆளுக்கு வழக்கமாக வைக்கிற பெயர் வான் டெர் மெர்வ என்று தெரிந்தவர்களுக்கு முதல் காட்சியிலேயே சிரிப்பு வந்திருக்கும். மாமனார் தயவில் பதவி உயர்வு பெற்றவன். ஸ்வெட்டர் அணிந்தவன், கேமராவைப் பார்த்துச் சிரிப்பவன், மனைவியை நேசிப்பவன். அட்டையில் செருகிய தாளோடு குடிசை குடிசையாகப் போய்க் கதவைத் தட்டுகிறான். காலி செய்யச் சொல்லும் அறிவிப்பில் அவர்கள் ஒப்பமிட வேண்டும். எரிச்சலில் ஒருவன் அட்டையைத் தட்டிவிட்டால் அந்தக் கீறலையே கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். முட்டைகள் அடைகிடக்கும் ஒரு குடிசையைக் கொளுத்திவிட்டு, அவை வெடிக்கிற சத்தம் பாப்கார்ன் பொரிவதுபோல இருக்கிறது என்று உற்சாகமாக விளக்குகிறான். வெறுப்பு என்று சொல்லும்படியாக அவன் முகத்தில் எதுவும் இல்லை. அன்றைய வேலையை அன்றே முடிக்க நினைக்கும் சாதாரண அலுவலக ஆள்.

படத்தின் உச்சம் இந்த முதல் அரைமணி நேரம்தான் என்பேன். கிறிஸ்டஃபர் ஜான்சன் என்று மனிதப் பெயர் சூட்டப்பட்ட ஒரு வேற்றுக்கிரகவாசி மட்டும் தாளை வாங்கிப் படிக்கிறான். முறைப்படி இருபத்துநான்கு மணிநேர அவகாசம் தரவில்லையே என்று கேட்கிறான். விகஸ் திடுக்கிடுகிறான். கிறிஸ்டஃபர் ஆயுதம் எடுத்திருந்தால்கூட இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டான். உடனே வேறு வழியைப் பிடிக்கிறான்: இந்தக் குடிசை சுகாதாரமாக இல்லை, குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்லி உன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். சேர்ந்து வாழ்தல் என்று மேடையில் பேசுகிற விஷயம் தரைக்கு வரும்போது எடுக்கும் உருவம் அநேகமாக இதுதான். கனிவான குரல், பையில் மிட்டாய், கையில் தாள்.

இந்தப் படத்துக்கு விதை 2005இல் புளோம்காம்ப் எடுத்த 'அலைவ் இன் ஜோபர்க்' என்ற ஆறு நிமிடக் குறும்படம். அதில் ஜோகன்னஸ்பர்க்வாசிகள் கேமராவைப் பார்த்து வேற்றுக்கிரகவாசிகள்மேல் இருக்கும் எரிச்சலைக் கொட்டுகிறார்கள். நடிப்பு அபாரம் என்று தோன்றும். அவர்களில் பலர் நடிக்கவே இல்லை. நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் இங்கே வந்து தங்கியிருப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இயக்குநர் அவர்களிடம் கேட்டிருக்கிறார். வந்த பதிலை அப்படியே எடுத்து விண்வெளிக்காரர்கள் தலையில் பொருத்திவிட்டார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அறிவியல் புனைவு தன் கற்பனை வளத்தைப் பற்றி எவ்வளவு பெருமை அடித்துக்கொண்டாலும், இந்த ஒரு தந்திரத்துக்கு முன்னால் எனக்கு அதெல்லாம் சாதாரணமாகத்தான் படுகிறது.

படத்தின் பெயர் எதைக் குத்துகிறது என்பது தென்னாப்பிரிக்கர்களுக்குச் சொல்லாமலே தெரியும். கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த பகுதி. 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டத்தின்கீழ், 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினாறு ஆண்டுகளுக்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து கேப் ஃபிளாட்ஸ் என்ற காற்றடிக்கும் மணல்வெளிக்குப் பெயர்க்கப்பட்டார்கள். வீடுகளை புல்டோசர் தள்ளியது. அந்த வெளியேற்றம் ஏறத்தாழ முடிந்த ஆண்டு 1982. படத்தில் கப்பல் வந்து நிற்பதும் அதே ஆண்டுதான். 1994இல் பழைய மெத்தடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். இதே சட்டம் தமிழர்களையும் தொட்டது. டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் தலைமுறைகளாக இருந்தார்கள். 1960களில் அவர்களும் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வாசலுக்கும் தாளோடு யாரோ ஒரு விகஸ் வந்திருப்பான்.

படம் உருவான 2008ஆம் ஆண்டின் மே மாதம், ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. 62 பேர் செத்தார்கள். அதில் இருபது பேருக்கு மேல் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். கொல்ல வந்தவர்கள் கண்ணுக்கு அவர்கள் இந்த ஊர்க்காரர்களாகத் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்த படம்தான் ஒரு பெரிய சறுக்கு சறுக்கியது. முகாமுக்குள் ஆயுதக் கடத்தல், விபசாரம், கள்ளச்சந்தை எல்லாவற்றையும் நடத்துபவர்களாக நைஜீரியர்களைக் காட்டியது. சக்தி கிடைக்கும் என்று நம்பி அவர்கள் வேற்றுக்கிரகவாசிகளின் சதையைத் தின்கிறார்கள். கும்பல் தலைவனின் பெயர் ஒபெசாஞ்சோ. நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயர் யாருக்குத்தான் ஞாபகம் வராது? நைஜீரியாவின் தகவல் துறை அமைச்சராக இருந்த டோரா அகுன்யிலி, திரையரங்குகள் படத்தை நிறுத்த வேண்டும் என்றார், தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஏதோ அரசியல்வாதியின் மிகை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. விண்வெளியிலிருந்து வந்தவனுக்கு முகம், பிள்ளைப் பாசம், அறிவு எல்லாம் கொடுக்க முடிந்த அதே படத்துக்கு, எல்லை தாண்டி வந்த ஆப்பிரிக்கனுக்கு அதில் ஒரு துளி கொடுக்கத் தோன்றவில்லை. குறும்படத்தில் நைஜீரியர்மேல் கொட்டப்பட்ட வசையைக் கடன்வாங்கி வேற்றுக்கிரகவாசிக்காக நம்மை இரங்கவைத்தார் இயக்குநர். அந்தக் கடனை நைஜீரியர்களுக்கு அவர் திருப்பிக் கொடுத்த விதம் இதுதான்.

இரண்டாம் பாதி சண்டைப் படம். விகஸின் மேல் ஏதோ திரவம் தெறித்து, அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடையதாக மாறுகிறது. அதன்பிறகுதான் அவனுக்குக் கண் திறக்கிறது. இதைப் பலரும் பாராட்டினார்கள். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவனாகவே மாறினால்தான் அவன் வலி தெரியும் என்றால், மாறாத மற்றவர்கள் எல்லாரும் என்ன செய்வது? நகரத்தில் எல்லாருக்கும் திரவம் தெறிக்கப்போவதில்லை. சேர்ந்து வாழ்வது என்பது மாறாமல் இருப்பவர்களின் பிரச்சினை. இரக்கம் சுரந்தபிறகும் அவர்களுக்கு இடையில் ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கும். தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவது என்று மாடிவீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொள்கிற மாதிரி ஓர் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் ஆக்டேவியா பட்லர் வாழ்நாளெல்லாம் எழுதினார். 1947இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். காலணிக்குப் பாலிஷ் போடுபவராக இருந்த அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வெள்ளையர் வீடுகளில் துப்புரவு வேலை பார்த்தார். பின்வாசல் வழியாக அம்மா உள்ளே போவதையும், காதில் விழாததுபோல அவர் சில பேச்சுகளைத் தாண்டிப் போவதையும் பட்லர் சிறுமியாகக் கூடப் போய்ப் பார்த்திருக்கிறார். யார் வீடு, யார் நிபந்தனை என்ற கணக்கு அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதாக இருக்கவில்லை.

1984இல் வெளிவந்து ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் பெற்ற அவருடைய சிறுகதை 'பிளட்சைல்ட்'. சொந்த இனத்தாரின் கொடுமைக்குத் தப்பி பூமியை விட்டு ஓடிவந்த மனிதர்கள், த்லிக் என்ற உயிரினம் வாழும் ஒரு கோளில் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். த்லிக்குகள் பூரானைப் பெரிதாக்கினாற்போல நீளமும் பல கால்களும் கொண்டவை, புத்திசாலிகள். அவற்றின் முட்டை வேறோர் உயிரின் சதைக்குள்தான் வளரும். அதுவரை பயன்பட்ட மிருகங்கள் முட்டைகளைக் கொன்றுவிடத் தொடங்கியிருந்த நேரத்தில் மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் த்லிக்குகள் அவர்களைப் பட்டி மாடுகள்போல அடைத்துவைத்தன. பிறகு, த்’கடோய் என்ற பெண் அதிகாரியின் முயற்சியில், மனிதர்களுக்கென்று ஒரு காப்பிடம் ஒதுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை த்லிக்கின் முட்டையைச் சுமக்கத் தந்தால் போதும். பெரும்பாலும் ஆண்பிள்ளை. த்’கடோய் அந்த வீட்டில் சோபாவில் சுருண்டு படுக்கும், அம்மாவோடு கதை பேசும், போதை தரும் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துக் குடும்பத்தின் ஆயுளைக் கூட்டும். ஒரு காலத்தில் அது அந்த வீட்டு அப்பாவின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட உயிர். அந்த வீட்டின் சின்னப் பையன் கான் அதற்கு நிச்சயிக்கப்பட்டவன்.

இதை அடிமைமுறை பற்றிய கதையாகவே அமெரிக்காவில் பலர் படித்தார்கள். பட்லர் மறுத்தார். இது ஒரு காதல் கதை, ஒரு சிறுவன் பெரியவனாகும் கதை, கர்ப்பம் தரிக்கும் ஆணின் கதை என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இது வாடகை கட்டுவதைப் பற்றிய கதை. வேறோர் உயிர் வாழும் கோளில் போய் இறங்கும் மனிதர்களுக்குப் பூமியிலிருந்து உதவி வர ஒரு வாழ்நாளாவது ஆகும்; அங்கே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் நடத்த முடியாது; வீட்டுக்காரர் கேட்பதில் எதையாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. அமேசான் காட்டுக்குப் பயணம் போவதற்கு முன், மனிதத் தோலுக்குள் முட்டைப்புழு வளர்க்கும் ஒருவகை ஈயைப் பற்றிப் படித்துப் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதியதும்தான் இந்தக் கதை. பெரிய அரசியல் கேள்விகள் அருவருப்பு வழியாக வந்து சேர்ந்தால் அவற்றுக்கு ஒரு தனி நேர்மை கிடைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கதையில் ஒரு ராத்திரி, முட்டை சுமந்த லோமாஸ் என்ற ஆள் வழியில் வலி கண்டு விழுகிறான். அவனுடைய த்லிக் அருகில் இல்லை. மயக்க மருந்தும் இல்லை. த்’கடோய் அவன் வயிற்றைக் கீறிப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது. கான் உதவிக்கு நிற்கிறான். சின்ன வயதிலிருந்து அழகான கடமை என்று சொல்லி வளர்க்கப்பட்டதன் நிஜ முகத்தை அவன் அன்றுதான் பார்க்கிறான். மனிதர்களுக்குத் தடைசெய்யப்பட்ட துப்பாக்கி ஒன்று அந்த வீட்டில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவே யாருடைய உடலிலாவது முட்டையிட்டாக வேண்டும் என்ற நிலையில் த்’கடோய் சமையலறைக்கு வர, கான் அந்தத் துப்பாக்கியைத் தன் தொண்டைக்கு நேராகவே வைத்துக்கொண்டு பேசுகிறான். நாங்கள் உனக்கு என்ன? மிருகமா? முதன்முறையாக அவர்களுக்குள் ஒரு நேர்ப்பேச்சு நடக்கிறது.

முடிவில் அவன் சம்மதிக்கிறான். அக்காவைத் தரலாம், அவளுக்கு ஆசையும் உண்டு. ஆனால் அக்காவுக்கு இதை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. த்’கடோயை வேறு யாருக்கும் விட்டுத்தரவும் மனம் வரவில்லை. த்’கடோய் துப்பாக்கியைப் பிடுங்கப் பார்க்கும்போதுதான் அவன் தன் பக்க நிபந்தனையைச் சொல்கிறான்: அது இந்த வீட்டிலேயே இருக்கட்டும். எங்களை மிருகமாக நினைக்கவில்லை என்றால், எங்களோடு இருப்பதில் உனக்கும் ஆபத்து உண்டு என்பதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பிறக்கப்போகும் தன் பிள்ளைகளை அந்தத் துப்பாக்கி சுட்டுவிடலாம் என்று அதற்கு நடுக்கம். இருந்தும் கையை எடுத்துவிடுகிறது.

எத்தனையோ முதல் சந்திப்புக் கதைகளில் மொழிபெயர்ப்புக் கருவி வேலை செய்யத் தொடங்கியதும், அல்லது ஒருவர் கண்ணில் ஒருவர் நீரைப் பார்த்ததும், சமாதானம் உண்டாகிவிடுகிறது. புரிந்துகொண்டால் போதும் என்ற நம்பிக்கை. கானும் த்’கடோயும் ஏற்கெனவே புரிந்துகொண்டவர்கள், பாசம் உள்ளவர்கள், உடம்போடு உடம்பு சாய்ந்து தூங்கியவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது புரிதல் இல்லை. ஒருவரால் மற்றவருக்குக் கெடுதல் செய்ய முடியும், ஆனாலும் செய்யாமல் இருக்கிறார் என்ற நிலை ஒரு பக்கம்தான் இருந்தது. துப்பாக்கி வீட்டில் தங்கிய பிறகு அது இரண்டு பக்கமும் வருகிறது. த்’கடோயின் பயம் கானுக்குக் கிடைத்த மரியாதை.

மூன்று வருடம் கழித்து பட்லர் எழுதிய 'டான்' நாவலைப் படிக்கும்போது இந்தத் துப்பாக்கியைத்தான் தேடினேன். அணுப்போரில் மனித இனம் அழிந்துகொண்டிருக்கும்போது ஓவன்காலி என்பவர்கள் மிச்சமிருப்பவர்களை அள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறார்கள். மரபணு வணிகர்கள். கண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் உணர்கொம்புகள் அசையும் அவர்களில் ஒருவரோடு ஒரே அறையில் இருந்து, அலறாமல் பார்க்கப் பழகுவதற்கே கதாநாயகி லிலித்துக்கு நாட்கணக்காகிறது. அவள் தூங்கும்போதே அவளுடைய புற்றுநோயை நீக்கிவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. பின்னால், செத்துப்போன அவள் துணைவனின் வித்தைக்கொண்டு அவளைக் கர்ப்பமாக்குகிறது அவளோடு வாழும் ஓவன்காலி நிகாஞ். அதற்கும் கேட்கவில்லை. உனக்குள் ஆசை இருந்தது, உன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்கிறது. அது சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாமல் ஆக்குகிறது. ஓவன்காலிகளைக் கருணைமிக்கவர்கள் என்று எழுதிய விமர்சனங்களைப் பார்த்திருக்கிறேன். அடிப்பதில்லை, பொய் சொல்வதில்லை, நோய் தீர்க்கிறார்கள். மறுத்துப்பேச ஓர் இடத்தை மட்டும் வைப்பதில்லை. அவர்கள் கப்பலில் சமையலறையும் இல்லை, ஒளித்துவைத்த துப்பாக்கியும் இல்லை. அடுத்த நாவலில் லிலித்தின் மகன் அகின், பாதி அவர்கள் ரத்தம் உள்ளவன், மனிதர்கள் மனிதர்களாகவே பெருக செவ்வாய்க்கிரகத்தை ஒதுக்கித் தர வேண்டும் என்று வாதாடி வாங்குகிறான். கிளம்பிப்போகலாம் என்ற உரிமை கிடைத்த பிறகுதான் தங்கியிருப்பவர்களைப் பார்த்து அவர்கள் விரும்பித் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

2003இல், சாவதற்கு மூன்று ஆண்டு முன்பு, பட்லர் 'அம்னெஸ்டி' எழுதினார். இதில் வேற்றுக்கிரகவாசிகள் புதர்க்கூட்டம் போன்றவர்கள், நம் பாலைவனங்களில் குடியேறிவிட்டார்கள். பொருளாதாரம் சரிந்திருக்கிறது. வேலை அவர்களிடம்தான் இருக்கிறது. நோவா என்பவள் மொழிபெயர்ப்பாளர், வேலை தேடி வந்திருக்கும் சிலரிடம் பேசுகிறாள். சிறுமியாக இருந்தபோது வந்தவர்கள் அவளைக் கடத்தி, மனித உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரியாமலே வதைத்தார்கள். அவர்கள் விடுவித்த பிறகு, அவளுடைய சொந்த நாட்டு ராணுவம் அவளை உளவாளி என்று பிடித்துவைத்து எல்லாம் தெரிந்தே வதைத்தது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் விஞ்ஞானி வென் ஹோ லீ சந்தேகத்தின் பேரில் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று பட்லர் பிறகு எழுதினார். கதையில் நோவா இரண்டு தரப்பையும் அருகில் வைத்துப் பார்க்கிறாள். அறியாமல் செய்தவர்களிடம் இப்போது சம்பளம் வாங்குகிறாள்.

வேலை தேடி வந்தவர்களில் ஒருவர் கேட்கிறார்: நாம் இவர்களை எதிர்த்துப் போராடவே இல்லையா? நோவா சொல்கிறாள், அது ரகசியமாக வைக்கப்பட்ட செய்தி. மனித அரசுகள் சேர்ந்து அவர்கள்மேல் அணு ஏவுகணைகளை வீசின. எதுவும் வெடிக்கவில்லை, எல்லாம் காணாமல் போய்விட்டன. பிறகு சரிபாதி திரும்பி வந்தது. பழுதில்லாமல், தலைநகரத்துக்குள், அதிபரின் அலுவலகம் உட்படப் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தது. மறுபாதியை அவர்கள் திருப்பித் தரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேலை கொடுப்பவர்களைப் பார்க்கப் போகலாம் என்று நோவா அவர்களைக் கூப்பிடுகிறாள்.